ஒருமுறை கட்டினால் கட்டியதுதான்: பல்லுக்கும் மூளைக்கும் சாப்பாடு செய்வதும் செய்யாததும்

சத்து மாத்திரை டப்பாக்களில் "ஞாபகசக்திக்கு" என்று ஒன்று இருக்கும், "பல், எலும்பு உறுதிக்கு" என்று இன்னொன்று இருக்கும். இரண்டும் வேறு வேறு சமாசாரம், ஒன்று நரம்பு மருத்துவர் பார்த்துக்கொள்வது, மற்றது பல் மருத்துவர் பார்த்துக்கொள்வது என்றுதான் நம் மனதில் பதிந்திருக்கிறது. ஆனால் சத்துக் கணக்கில் பார்த்தால் இரண்டுக்கும் நெருங்கிய ஒற்றுமை உண்டு. தோல் உரிந்து மறுபடி வளர்கிறது. ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாளில் செத்து அடுத்தது வந்துவிடுகிறது. எலும்புகூட வாழ்நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து புதிதாக உருவாகிக்கொண்டே இருக்கிறது. பல்லின் வெளிப்பூச்சான எனாமலும் மூளையின் பெரும்பாலான நரம்பணுக்களும் அப்படி இல்லை. வாழ்க்கையின் ஆரம்பத்தில் ஒருமுறை கட்டப்படுகின்றன, அதற்கப்புறம் வெறும் பராமரிப்புதான். அதனால் "எந்தச் சத்து நல்லது" என்று கேட்பதைவிட "எந்தச் சத்து எப்போது குறைந்தது" என்று கேட்டால்தான் உருப்படியான பதில் கிடைக்கும்.

கருவிலேயே இவற்றுக்கு ஓர் உறவும் இருக்கிறது. முளைக்கரு உருவாகும்போது மூளையும் தண்டுவடமும் ஆகப்போகிற குழாயின் விளிம்பிலிருந்து நரம்பு முகட்டு அணுக்கள் என்று ஒரு கூட்டம் பிரிந்து நகர்ந்து போகும். அதில் ஒரு பகுதி தாடைக்குப் போய், எனாமலுக்குக் கீழே இருக்கிற டென்டினையும் அதற்குள் இருக்கிற பற்கூழையும் உருவாக்குகிறது. பல்லில் வலி வந்தால் உயிர் போகிற மாதிரி இருப்பதற்கு இதுதான் காரணம் என்று சொல்லவில்லை, ஆனாலும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய உறவுதான்.

எனாமலின் கதையை முதலில் பார்ப்போம், அது சுலபம். எடையில் ஏறக்குறைய 96 சதவீதம் தாது உப்பு, உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான். கர்ப்பத்தின் நான்காம் மாதவாக்கில் பால்பற்களில் தாது படிய ஆரம்பிக்கிறது. ஆறு வயதில் முளைக்கிற முதல் நிலையான கடைவாய்ப்பல் இருக்கிறதே, அதன் எனாமல் வேலை குழந்தை பிறக்கும் சமயத்திலேயே தொடங்கி மூன்று வயதுக்குள் முடிந்துபோகிறது. ஞானப்பல்லை விட்டுவிட்டால் எட்டு வயதுக்குள் எல்லாப் பற்களின் எனாமலும் தயார். எனாமலைச் சுரக்கிற அணுக்கள் பல் வெளியே வரும்போது அழிந்துவிடும், திரும்ப வராது. எனாமலை மெல்லிய சீவலாக வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால், பிறப்பதற்கு முன்பிருந்தே உருவாகத் தொடங்கிய பற்களில் பிறந்த நாளே ஒரு கோடாகத் தெரியும். பசியோ கடுமையான காய்ச்சலோ வந்த காலங்கள் பள்ளமாகவும் வரியாகவும் தங்கிவிடும். புதைகுழிகளில் கிடைக்கிற பழங்காலப் பற்களை வைத்து அந்தக் குழந்தை எந்த வயதில் பட்டினி கிடந்தது என்று மானுடவியலாளர்கள் சொல்வது இதை வைத்துத்தான்.

மூளை அதைவிடச் சிக்கலானது. உடல் எடையில் சுமார் 2 சதவீதம், ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவழிக்கிற சக்தியில் சுமார் 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. இது பெரியவர்கள் கணக்கு. சிறு குழந்தைகளில் இந்தப் பங்கு இன்னும் மிக அதிகம், நான்கைந்து வயதில் உடல் வளர்ச்சி மெதுவாவதற்கு மூளையின் இந்தப் பசிதான் காரணம் என்று சொல்கிற ஆய்வாளர்களும் உண்டு. இரண்டு வயதிலேயே மூளை பெரியவர்களின் மூளை அளவில் 80 சதவீதத்தைத் தொட்டுவிடுகிறது. அப்படியென்றால் சரக்கு வந்து சேரவேண்டிய காலம் கர்ப்பமும் முதல் இரண்டு ஆண்டுகளும்தான். அந்த நேரத்தில் வராத சரக்குக்கு இருபது வயதில் மாத்திரை சாப்பிட்டு ஈடுகட்ட முடியாது.

இதற்கு அயோடினைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. ஒரு பெரியவருக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும், கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் 250. எழுபது வருடத்துக்குக் கூட்டினாலும் நான்கு கிராம் வராது. இவ்வளவு துளியூண்டு சரக்கு இல்லாமல் தைராய்டு ஹார்மோன் உருவாகாது, தைராய்டு ஹார்மோன் இல்லாமல் கருவின் மூளையில் நரம்பணுக்கள் தத்தம் இடத்துக்கு நகர்ந்து போய்ச் சேர்வதும் அவற்றின் இழைகளைப் போர்த்துகிற மயலின் என்ற கொழுப்பு உறை படிவதும் ஒழுங்காக நடக்காது. கர்ப்பத்தின் முதல் பாதியில் கரு ஏறக்குறைய முழுக்கவும் தாயின் ஹார்மோனை நம்பித்தான் இருக்கிறது. ஆகவே தாய்க்கு அயோடின் கடுமையாகக் குறைந்தால், பிறக்கும் குழந்தைக்குக் காது கேளாமை, வளர்ச்சிக் குறைவு, அறிவுத்திறன் பாதிப்பு எல்லாம் சேர்ந்தே வரலாம். மலைப்பிரதேசங்களில் மழையும் பனியும் மண்ணிலிருந்து அயோடினை அடித்துக்கொண்டு போய்விடுவதால் ஆல்ப்ஸ் பக்கத்துக் கிராமங்களில் இது தலைமுறை தலைமுறையாக இருந்தது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து ஆக்ரன் நகரில் 1917 இல் தொடங்கி டேவிட் மரீன் என்ற மருத்துவர் பள்ளிச் சிறுமிகளுக்கு சோடியம் அயோடைடு என்ற அயோடின் சேர்மத்தைக் கொடுத்துக் கழுத்துக் கழலையைத் தடுக்க முடியும் என்று காட்டினார். 1922 இல் சுவிட்சர்லாந்தும் 1924 இல் மிச்சிகனும் சமையல் உப்பில் அயோடின் சேர்க்க ஆரம்பித்தன. மூளைக்கு எது சிறந்த உணவு என்று கேட்டால் அயோடின் கலந்த சாதா உப்பு என்றுதான் நான் சொல்வேன். கேட்பவர்களுக்கு இது சப்பென்று இருக்கும். உலகத்தில் தடுக்கக்கூடிய அறிவுத்திறன் பாதிப்புகளுக்கு முதன்மைக் காரணமாக இன்றைக்கும் சொல்லப்படுவது அயோடின் குறைவுதான்.

ஃபோலிக் அமிலத்தின் கதையில் கால அவகாசம் இன்னும் குறுகல். மூளையும் தண்டுவடமும் ஆகப்போகிற அந்தக் குழாய் கரு தரித்த 28 நாளுக்குள் மூடிக்கொள்ள வேண்டும். பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்றே அப்போது தெரிந்திருக்காது. பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு பல நாடுகளில் நடத்தி 1991 இல் வெளியிட்ட ஆய்வில், முன்பு இந்தக் குழாய் சரியாக மூடாத குறையோடு குழந்தை பெற்ற தாய்மார்களுக்குக் கரு தரிக்கும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் கொடுத்தபோது, மறுபடி அதே குறை வருவது 72 சதவீதம் குறைந்தது. குழந்தை வேண்டும் என்று திட்டமிடும்போதே தினம் 400 மைக்ரோகிராம் ஆரம்பித்துவிடச் சொல்வது இதனால்தான். இந்தக் குறை முன்பு வந்தவர்களுக்கு மருத்துவர் எழுதித் தருகிற அளவு இதைவிட அதிகம்.

இரும்புச்சத்து என்றால் ரத்தசோகைதான் நினைவுக்கு வரும். மூளைக்கு அது வேறு பல வேலைகளுக்கும் வேண்டும்: மயலின் உறை தயாரிக்க, டோபமைன் போன்ற சமிக்ஞைப் பொருள்களைத் தயாரிக்க, நரம்பணுக்கள் சக்தி உண்டாக்க. நிறை மாதத்தில் பிறந்த குழந்தை தாயிடமிருந்து கொண்டுவருகிற இரும்புச் சேமிப்பு சுமார் ஆறு மாதம்தான் தாங்கும். தாய்ப்பாலில் இரும்பு குறைவு. அதனால் ஆறாவது மாதம் கொடுக்கிற முதல் திட உணவில் இரும்பு இருக்கிறதா என்பது முக்கியம். கோஸ்டா ரிகாவில் பெட்சி லோசாஃப் என்ற குழந்தை மருத்துவரும் அவர் குழுவும், குழந்தைப் பருவத்தில் நீண்டநாள் கடுமையான இரும்புக் குறைவு இருந்தவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். மருந்து கொடுத்து ரத்த அளவு சரியாகிப் பத்து வருடத்துக்கு மேல் ஆன பிறகும் படிப்பிலும் கவனத்திலும் அந்தப் பிள்ளைகள் பின்தங்கியே இருந்தார்கள். ரத்தம் தேறிவிட்டது, மூளை முழுசாகத் தேறவில்லை. (வளர்ந்தவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு: தாவர உணவில் இருக்கிற இரும்பை உறிஞ்சவிடாமல் டீயும் காபியும் தடுக்கும், வைட்டமின் சி உதவும். சாப்பாட்டோடு டீ குடிப்பதை ஒரு மணி நேரம் தள்ளிவைத்தாலே வித்தியாசம் உண்டு.)

மீனெண்ணெயில் இருக்கிற டிஎச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பும் இதே காலகட்டத்தில்தான், அதாவது கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்திலிருந்து இரண்டு வயது வரை, மூளையில் வேகமாகச் சேர்கிறது. மீன் இதைத் தானாகத் தயாரிப்பதில்லை, பாசியிலிருந்து வருகிறது. மீன் சாப்பிடாதவர்களுக்குப் பாசி எண்ணெய் இருக்கிறது. ஆளி விதையில் இருப்பது வேறு வகை, அதை உடம்பு டிஎச்ஏவாக மாற்றுவது ரொம்பக் கொஞ்சம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் மாத்திரை விற்பவர்கள் குழப்புவது இங்கேதான். ஒரு சத்து இல்லாவிட்டால் மூளை கெடும் என்பது உண்மை. அதிலிருந்து, அந்தச் சத்து இரண்டு மடங்கு போனால் மூளை இரண்டு மடங்கு வேலை செய்யும் என்று தாவுவது வெறும் வியாபாரம். குறைவைச் சரிசெய்யும்போது பலன் செங்குத்தாக ஏறும், போதுமான அளவு வந்ததும் நின்றுவிடும், அதற்கு மேல் சில சத்துகள் திரும்பி நம்மையே கடிக்கும். வைட்டமின் பி6 நரம்புக்கு நல்லது என்று அளவில்லாமல் பல மாதம் விழுங்கியவர்களுக்குக் கை கால் மரத்துப்போய் நரம்பு கெட்ட கதை மருத்துவ இலக்கியத்தில் நிறைய இருக்கிறது. வைட்டமின் ஏ, டி இரண்டும் கொழுப்பில் கரைந்து உடம்பில் தங்குகிறவை, அவையும் அளவுக்கு மேல் போனால் விஷம்தான்.

பல்லைக் கட்டுவதில் கால்சியத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், வைட்டமின் டி பற்றிக் கொஞ்சம் குறைவாக. குடலிலிருந்து கால்சியத்தை உள்ளே இழுப்பதே அதுதான். 1920களை ஒட்டி பிரிட்டனில் மே மெலன்பி என்ற விஞ்ஞானி நாய்க்குட்டிகளுக்கு வைட்டமின் டி இல்லாத உணவு கொடுத்துப் பார்த்தார். பற்கள் ஒழுங்கற்றுக் கோணலாகவும், எனாமல் மெல்லியதாகவும் சரியாகத் தாது ஏறாமலும் உருவாயின. அதே சமயத்தில் அவர் கணவர் எட்வர்ட் மெலன்பி நாய்களில் ரிக்கெட்ஸ் எலும்பு நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். குழந்தைகளிலும் கடுமையான வைட்டமின் டி குறைவு எனாமலில் பள்ளங்களை விட்டுப்போகும், சொத்தை அங்கேதான் சுலபமாகப் பிடிக்கும். ஆனால் "ஒரு பிள்ளைக்கு ஒரு பல்" என்று, கர்ப்பத்தில் குழந்தை தாயின் பல்லிலிருந்து கால்சியத்தை உறிஞ்சிவிடும் என்று பல நாடுகளில் நம்புகிறார்கள், அது உண்மையில்லை. எலும்பிலிருந்து கால்சியம் எடுக்க உடம்புக்கு வழியிருக்கிறது, எனாமலில் ரத்தமும் இல்லை, அணுவும் இல்லை, எடுக்க வழியே கிடையாது. கர்ப்பத்தில் பல் கெடுவதற்குக் காரணம் வாந்தியின் அமிலம், அடிக்கடி கொறிப்பது, ஹார்மோன் மாற்றத்தால் ஈறு வீங்குவது, குமட்டலால் பல் துலக்கவே பிடிக்காமல் போவது. இதில் எதற்கும் கால்சியம் மாத்திரை மருந்தில்லை.

சரி, பல் முளைத்துவிட்டது. இனிமேல் சாப்பாடு பல்லைத் தொடுவது ரத்தம் வழியாக இல்லை, நேராக மேலே பட்டுத்தான். இங்கே கணக்கே மாறிவிடுகிறது.

ஒரு சாக்லேட் மிட்டாயை வாயில் போட்டால் என்ன நடக்கிறது என்று நிமிடக் கணக்கில் பார்க்கலாம். பல்லின் மேல் பிசுபிசுப்பாக இருக்கிற படலத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற நுண்ணுயிரிகள் குடியிருக்கின்றன. சர்க்கரை அவற்றுக்குக் கிடைத்த உடனே அதைத் தின்று அமிலத்தைக் கக்க ஆரம்பிக்கின்றன. 7ஐ ஒட்டியிருந்த அமில-கார அளவு (pH, எண் குறையக் குறைய அமிலம் கூடுதல்) சில நிமிடங்களிலேயே 5.5க்குக் கீழே போய்விடுகிறது. அதுதான் எனாமல் கரையத் தொடங்குகிற எல்லை, ஈறு இறங்கி வெளியே தெரிகிற வேர்ப்பகுதி 6க்கு மேலேயே கரையத் தொடங்கிவிடும். பிறகு உமிழ்நீர் மெதுவாக அமிலத்தைச் சமன்செய்து, தன்னிடம் இருக்கிற கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் திரும்ப எனாமலில் படியவைக்கிறது. பழைய நிலைக்கு வர அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம். ராபர்ட் ஸ்டீபன் என்பவர் 1940களில் இந்த இறக்கத்தையும் ஏற்றத்தையும் அளந்து வரைந்த வளைகோட்டைப் பல் மருத்துவ மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். முழு மிட்டாயையும் ஒரே மூச்சில் தின்று முடித்தால் ஒரு இறக்கம். அதையே நான்காகப் பிய்த்து ஒரு மதியம் முழுக்கத் தின்றால் நான்கு இறக்கம், பல் மேலே எழுந்திருக்கவே நேரமில்லை. சர்க்கரை போட்ட காபியை இரண்டு மணி நேரம் மேசையில் வைத்து ஒவ்வொரு வாயாக உறிஞ்சுகிறவர்கள் தாங்கள் இனிப்பே தொடுவதில்லை என்று சத்தியம் செய்வார்கள்.

இந்த அறிவுக்கு ஒரு அசிங்கமான பின்னணி உண்டு. சுவீடனின் லுண்ட் நகரத்தில் வீப்பஹோல்ம் என்று அறிவுத்திறன் குறைந்தவர்களுக்கான காப்பகம் ஒன்று இருந்தது. 1945 இல் தொடங்கி அங்கிருந்தவர்களை வைத்து பல் ஆய்வு நடந்தது. சிலருக்குச் சாப்பாட்டோடு சர்க்கரை, சிலருக்குச் சாப்பாட்டுக்கு நடுவில் பல்லில் ஒட்டிக்கொள்கிற டாஃபி. மறுக்கவோ புரிந்துகொள்ளவோ முடியாத மனிதர்களின் பற்களை வேண்டுமென்றே சொத்தையாக்கினார்கள். முடிவுகள் 1954 இல் வெளிவந்தன: சாப்பாட்டோடு போன சர்க்கரை அதிகம் கெடுக்கவில்லை, இடையிடையே ஒட்டிக்கொண்ட டாஃபிதான் பற்களை அழித்தது. எவ்வளவு என்பதைவிட எத்தனை தடவை, எவ்வளவு நேரம் ஒட்டிக்கொண்டிருந்தது என்பதே முக்கியம் என்று நாம் இன்று இயல்பாகச் சொல்கிற வார்த்தை அவர்கள் வாயிலிருந்து வந்தது. அதற்காக அளவு பொருட்டே இல்லை என்று ஆகிவிடாது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜப்பானிலும் நார்வேயிலும் சர்க்கரை கிடைக்காமல் போனபோது குழந்தைகளின் சொத்தைப் பற்கள் குறைந்தன, சர்க்கரை திரும்பி வந்ததும் அவையும் திரும்பி வந்தன. உலக சுகாதார நிறுவனம் 2015 இல் சொன்ன வரம்பு, சேர்க்கப்பட்ட சர்க்கரை தினசரி சக்தியில் 10 சதவீதத்துக்குக் கீழே, முடிந்தால் 5க்குக் கீழே. 5 சதவீதம் என்றால் பெரியவருக்கு ஏறக்குறைய 25 கிராம். தேனும் பழச்சாறும் அந்தக் கணக்கில் வரும், முழுப் பழம் வராது.

உடனே ஒரு கேள்வி வரும்: மூளைக்குச் சர்க்கரை வேண்டும் என்கிறார்களே? வேண்டும்தான், ஒரு நாளைக்கு சுமார் 120 கிராம் குளுக்கோஸ். ஆனால் அது இனிப்பாக வாய்வழி போகவேண்டிய அவசியமே இல்லை. தானியம், கிழங்கு, பருப்பு எதைத் தின்றாலும் குடல் அதைக் குளுக்கோஸாக்கிவிடும், போதாதபோது கல்லீரல் தன் இருப்பிலிருந்து எடுத்துவிடும், நீண்ட பட்டினியில் கொழுப்பிலிருந்து உண்டாகிற கீட்டோன்களை வைத்தும் மூளை சமாளிக்கும். பரீட்சைக்கு முன்னால் பிள்ளைக்கு மிட்டாய் கொடுப்பதால் பலன் போய்ச்சேர்வது பெரும்பாலும் மியூட்டன்ஸுக்குத்தான். நியாயத்துக்கு எதிர்ப்பக்கத்தையும் சொல்கிறேன்: சர்க்கரை தின்றால் குழந்தைகள் துள்ளிக் குதித்து அடங்காமல் போவார்கள் என்பதும் கட்டுக்கதை. யாருக்குச் சர்க்கரை, யாருக்கு மாற்று இனிப்பு என்று தெரியாமல் கொடுத்துப் பார்த்த பல ஆய்வுகளைத் தொகுத்து 1995 இல் வெளியான அலசலில் நடத்தையில் வித்தியாசமே தெரியவில்லை.

ஃப்ளோரைடு இல்லாமல் இந்தப் பேச்சு முடியாது, அதுவும் பல்லும் மூளையும் ஒன்றாக வருகிற தலைப்பில். 1901 இல் கொலராடோ ஸ்பிரிங்ஸுக்கு வந்த ஃபிரெடரிக் மெக்கே என்ற பல் மருத்துவர், அங்கே பலருடைய பற்களில் பழுப்புக் கறை இருப்பதையும், அந்தக் கறைப் பற்களில் சொத்தை குறைவாக இருப்பதையும் கவனித்தார். தண்ணீரில் இருந்த ஃப்ளோரைடுதான் காரணம் என்பது 1931 இல்தான் தெரிந்தது. 1945 ஜனவரியில் மிச்சிகனின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரம் குடிநீரில் அதை அளவாகச் சேர்க்க ஆரம்பித்தது. ஃப்ளோரைடு சேர்ந்த எனாமல் 5.5 இல் கரையாது, சுமார் 4.5 வரை தாங்கும். இதன் பெரும்பலன் பல்லின் மேற்பரப்பில் படுவதால் கிடைக்கிறது, விழுங்குவதால் இல்லை என்பது இப்போது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. பற்பசையின் அருமை அதுதான். இன்னொரு பக்கம், அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் 2024 இல் வெளியிட்ட அறிக்கை, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு உள்ள தண்ணீர் குடிக்கிற குழந்தைகளின் அறிவுத்திறன் மதிப்பெண் குறைவதோடு தொடர்பு இருக்கிறது என்று மிதமான நம்பகத்தோடு சொன்னது. அமெரிக்காவில் சேர்க்கிற 0.7 மில்லிகிராம் அளவில் அப்படி முடிவுகட்டப் போதுமான தரவு இல்லை என்றும் அதே அறிக்கை சொன்னது. இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிட்டு முதல் வாக்கியத்தை மட்டும் பகிர்கிறவர்கள்தான் அதிகம். என் கருத்தில் இதற்கு நடைமுறைப் பதில் நேரானது: இயற்கையாகவே நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகமுள்ள இடம் என்றால் தண்ணீரைச் சோதித்துப் பார்த்து மாற்ற வேண்டும், பற்களுக்கும் எலும்புக்குமே அது கெடுதல். பற்பசையை நிறுத்துவதில் எந்த லாபமும் இல்லை, சிறு குழந்தைக்கு அரிசி அளவு வைத்துத் துப்பப் பழக்கினால் போதும்.

பெரியவர்களுக்குச் சத்துக் குறைந்தால் மூளையில் நடப்பது வெளியே தெரியாது, வாயில் தெரிந்துவிடும். பெலக்ரா என்ற நோயை எடுத்துக்கொள்ளுங்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தென்மாநிலங்களில் மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்குத் தோல் கருகி, நாக்கு சிவந்து புண்ணாகி, வயிற்றுப்போக்கு வந்து, கடைசியில் புத்தி பேதலித்தது. மனநலக் காப்பகங்கள் இவர்களால் நிரம்பின. தொற்றுநோய் என்றே பலரும் நம்பியபோது, 1914 இல் அரசு அனுப்பிய ஜோசஃப் கோல்ட்பர்கர் என்ற மருத்துவர் இது சாப்பாட்டுக் குறை என்று பிடிவாதமாகச் சொன்னார். அதை நிரூபிக்க நோயாளிகளின் ரத்தத்தைத் தன் உடம்பிலேயே ஏற்றியும், அவர்களின் கழிவுகளை விழுங்கியும் பார்த்தார், நோய் தொற்றவில்லை. 1937 இல் கான்ராட் எல்வஹெம் நயாசின் என்ற வைட்டமினைக் கண்டறிந்தது எதை வைத்து? நாய்களுக்கு வருகிற கருநாக்கு நோயை வைத்து. பைத்தியம் என்று பூட்டிவைக்கப்பட்டவர்களில் பலருக்கு ஒரு வைட்டமின் போதுமானதாக இருந்தது, அதற்கான துப்பு நாக்கில் கிடைத்தது.

பி12 விஷயமும் அப்படித்தான். பெரியவருக்கு நாளொன்றுக்கு 2.4 மைக்ரோகிராம். இறைச்சி, மீன், முட்டை, பால் இவற்றிலும் செறிவூட்டிய உணவிலும்தான் நம்பத்தகுந்த அளவில் கிடைக்கும். கல்லீரலில் சில வருடங்களுக்கான இருப்பு இருப்பதால் குறைவது தெரியவே தெரியாது. நாக்கு வழவழவென்று சிவந்து எரிச்சல், வாயோரத்தில் வெடிப்பு, அப்புறம் காலில் மரமரப்பு, மறதி, எரிச்சல் குணம். வயதாகிவிட்டது என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மினோ, நெஞ்செரிச்சலுக்கு அமிலம் குறைக்கும் மாத்திரையோ வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்கு உறிஞ்சுவதே குறைந்துபோகும். ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் ரத்தசோகை மறைந்து நரம்புச் சேதம் மட்டும் தொடரும், ஆக அதுவும் ஆபத்து. பல் மருத்துவத்துக்கும் இதற்கும் எதிர்பாராத ஒரு முடிச்சு இருக்கிறது. 1844 இல் ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர் தன் பல்லையே பிடுங்கவைத்துச் சோதித்த சிரிப்பூட்டும் வாயு, பி12 இன் நடுவில் இருக்கிற கோபால்ட்டைத் தாக்கி அந்த வைட்டமினைச் செயலற்றதாக்குகிறது. சாதாரணமாக ஒருமுறை பல் சிகிச்சைக்கு எடுத்தால் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது. ஏற்கெனவே பி12 அடிமட்டத்தில் இருப்பவர்களுக்கும், போதைக்காக அந்த வாயுவைத் தொடர்ந்து இழுப்பவர்களுக்கும் தண்டுவடமே பாதிக்கப்பட்டு நடை தள்ளாடிய நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. நாக்கு எரிகிறது, கால் மரக்கிறது என்றால் மயக்க வாயு எடுக்கும் முன் பல் மருத்துவரிடம் வாயைத் திறந்து சொல்லிவிடுவது நல்லது.

ஈறில் ரத்தம் வந்தால் வைட்டமின் சி என்று எல்லோரும் சொல்வார்கள். 1747 இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற மருத்துவர் கப்பலில், ஈறு அழுகி ரத்தம் கசிகிற ஸ்கர்வி நோய் வந்த பன்னிரண்டு மாலுமிகளை வைத்துச் செய்த சோதனையிலிருந்து வருகிற புகழ் அது. கொலாஜன் என்ற புரத இழை கெட்டிப்பட வைட்டமின் சி வேண்டும், அது இல்லாமல் ஈறு பிய்ந்துவிடும். ஆனால் ஸ்கர்வி வராமல் தடுக்க நாளுக்குப் பத்து மில்லிகிராம் போதும். இன்று ஈறில் ரத்தம் வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது காரை படிந்த ஈறு அழற்சி, எலுமிச்சையை ஈறில் தேய்த்தால் எனாமல்தான் போகும்.

இனி வளர்ந்தவர் மூளைக்கு வருவோம். இங்கேதான் விளம்பரமும் ஆதாரமும் ரொம்பத் தூரத்தில் நிற்கின்றன. கீரை, கொட்டை, மீன், பெர்ரிப் பழம் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு மறதி நோய் குறைவு என்று கூட்டம் கூட்டமாக மக்களைக் கவனித்த ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அப்படிச் சாப்பிடுகிறவர்கள் பொதுவாக வசதியானவர்கள், படித்தவர்கள், நடக்கிறவர்கள். மைண்ட் என்று பெயரிட்ட உணவுமுறையை 604 முதியவர்களுக்கு மூன்று வருடம் சோதித்து 2023 இல் வெளியிட்டார்கள். ஒப்பீட்டுக் குழுவோடு பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு குழுவும் எடை குறைத்தது, இரண்டு குழுவுக்கும் மதிப்பெண் கொஞ்சம் ஏறியது. பின்லாந்தில் உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, ரத்த அழுத்தக் கண்காணிப்பு எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு வருடம் செய்து 2015 இல் வெளியிட்ட ஆய்வில் சிறிய ஆனால் தெளிவான பலன் தெரிந்தது. உணவு மட்டும் தனியாக எவ்வளவு செய்தது என்பதை அதிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. நல்ல சாப்பாடு மூளையின் ரத்தக்குழாய்களைக் காப்பாற்றும், அது சின்ன விஷயமில்லை. "இதைத் தின்றால் ஞாபகசக்தி பெருகும்" என்று எந்த உணவைக் காட்டினாலும் நான் நம்பமாட்டேன்.

ஈறு நோய்க்கும் ஆல்சைமருக்கும் உள்ள தொடர்பு பற்றியும் இதே அளவு ஜாக்கிரதை தேவை. ஈறு அழற்சியை உண்டாக்கும் போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்ஜிவாலிஸ் என்ற நுண்ணுயிரியின் தடயங்களை ஆல்சைமர் நோயாளிகளின் மூளையில் பார்த்ததாக 2019 இல் ஒரு கட்டுரை வந்தபோது பெரிய பரபரப்பு. அந்த நுண்ணுயிரியின் நொதியைத் தடுக்கிற மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனை 2021 இல் முக்கிய இலக்கை எட்டாமல் தோற்றது. மறதி வந்தவர்கள் பல் துலக்க மறப்பார்கள், அதனால் ஈறு கெடும் என்ற தலைகீழ்ப் பாதையும் இருக்கிறது. சந்தேகமில்லாமல் சொல்லக்கூடிய இணைப்பு ரத்தச் சர்க்கரை வழியாகத்தான்: கட்டுக்கடங்காத சர்க்கரை நோய் ஈறைக் கெடுக்கிறது, ஈறு அழற்சி சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்குகிறது, சர்க்கரை நோய் மறதி நோயின் வாய்ப்பைக் கூட்டுகிறது.

வாயிலிருந்து ரத்தக்குழாய்க்குப் போகிற இன்னொரு வழி பலருக்குத் தெரியாது. கீரையிலும் பீட்ரூட்டிலும் இருக்கிற நைட்ரேட்டை மனித உடம்பின் அணுக்களால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. அது ரத்தத்தில் கலந்து உமிழ்நீராகத் திரும்ப வாய்க்கு வரும், நாக்கின் பின்பகுதியில் வாழ்கிற நுண்ணுயிரிகள் அதை நைட்ரைட்டாக மாற்றும், விழுங்கியபின் அது நைட்ரிக் ஆக்சைடாகி ரத்தக்குழாய்களைத் தளர்த்தும். கிருமிநாசினி மவுத்வாஷைத் தினமும் கொப்பளித்துச் சிறிய ஆய்வுகளில் பார்த்தபோது இந்தச் சங்கிலி அறுந்து ரத்த அழுத்தம் லேசாக ஏறியது. மருத்துவர் சொல்லாமல் கிருமிநாசினி மவுத்வாஷைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம் என்பதற்கு இது ஒரு காரணம்.

வயதானவர்கள் வீட்டில் இருந்தால் இரண்டு விஷயங்களைக் கவனிக்கலாம். ஒன்று, பல் போனால் சாப்பாடு மாறுகிறது. கொட்டை, பழம், பச்சைக் காய், இறைச்சி எல்லாம் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக விலகி, மெல்ல வேண்டாத மாவுப் பண்டமும் பிஸ்கட்டும் டீயும் மிஞ்சும். அதாவது புரதம், பி12, இரும்பு, ஃபோலேட் எல்லாம் ஒரே நேரத்தில் குறையும். பொருந்துகிற பல்செட், அரைத்த இறைச்சி, முட்டை, தயிர், வேகவைத்து மசித்த காய் என்று வழிசெய்தால் இதில் பாதியைத் தடுக்கலாம். இரண்டு, வாய் உலர்தல். ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை சுரக்கிற உமிழ்நீர்தான் முன்பு பார்த்த அமில-கார வளைகோட்டைத் திரும்ப மேலே தூக்குவது. மனச்சோர்வுக்கும் ஒவ்வாமைக்கும் கொடுக்கிற பல மாத்திரைகள் அதை வற்றவைக்கும், உலர்ந்த வாய்க்கு இதமாக இருக்கிறது என்று பெரியவர்கள் நாள் முழுக்க இனிப்பு மாத்திரையைச் சப்புவார்கள், ஈறு இறங்கிய வேர்ப்பகுதி சீக்கிரமே சொத்தையாகும். அந்த இனிப்பு மாத்திரைக்குப் பதில் சைலிட்டால் கலந்ததைக் கொடுங்கள், மியூட்டன்ஸால் அதை அமிலமாக்க முடியாது. சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு துண்டு பாலாடைக்கட்டியும் உதவும், மெல்லும்போது உமிழ்நீர் ஊறும், கால்சியமும் அங்கேயே கிடைக்கும். வீட்டில் நாய் இருந்தால் மட்டும் சைலிட்டாலை எட்டாத உயரத்தில் வையுங்கள், அதற்கு அது விஷம்.